அக்கரைச் சாவடி

காட்டில் தொகுதி எல்லைகளை மாற்றியபோது, அக்கரை மான்களும் ஓநாய்ப் பாறையும் ஒரே தொகுதிக்குள் வந்துவிட்டன. அங்கே வாக்குச்சாவடி நடத்தும் பொறுப்பு முயலின் தலையில் விழுந்தது.

"காவலுக்கு நாலு நாய்களையாவது அனுப்புங்க ஐயா" என்று தேர்தல் அதிகாரியான யானையிடம் கெஞ்சியது முயல்.

"புதுத் தொகுதிகளுக்கு நிதியே வரலை. எப்படியாவது சமாளி" என்றது யானை.

தேர்தலன்று காலையில் ஓநாய் சாவடி வாசலில் வந்து நின்றது. "நான் காவலுக்கு நிக்கிறேன். கூலி வேண்டாம்" என்றது.

முயல் மறுக்கப் பயந்து தலையாட்டியது.

வரிசையாக வந்த மான்கள் வாசலைப் பார்த்ததும் நின்றன. குட்டியோடு வந்த மான் முதலில் திரும்பியது. மற்றவையும் பின்னாலேயே போய்விட்டன.

சாயங்காலம் யானை வந்து பார்த்தது. "செலவே இல்லாம அமைதியா முடிச்சிட்டியே!"

ஓநாய் இன்னும் வாசலில்தான் நின்றது.

"ஆமாங்க ஐயா" என்றது முயல்.