ஆவிலாவில் எடுத்த படங்கள்

1986 ஆகஸ்டில் என் மனைவி தில்லைநாயகி, சுவிஸில் ரெனானில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்பானியக் குடும்பத்துடன் அவர்களுடைய ஊரான ஆவிலாவுக்குப் போய்வந்தாள். எனக்கு ஹோட்டலில் லீவு தரவில்லை.

கழுவி வந்த படங்களைப் பார்த்தேன். கோட்டை மதில், ஆற்றுப் பாலம், பாறைக் குன்று, எல்லா இடத்திலும் அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஒன்றில் அவள் கையைப் பிடித்திருந்தேன். நாலுபேர் பார்க்க அப்படிச் செய்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

“ஆர் இது?”

“நீங்கள்தான்.”

“நான் அந்தக் கிழமை முழுக்க இஞ்சை கோப்பை கழுவினனான்.”

“ஓம், தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ பக்கத்திலை நிண்டனீ?”

“அவர் என்னோடை சிரிச்சுக் கதைச்சவர்,” என்றாள்.

அவர் தனியே நின்ற படத்தை மட்டும் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் தந்தாள்.