மீனுக்கு மட்டும் கரண்ட்

விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்காரர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வருமாம். அதற்கு இவர் செய்த அமர்க்களத்தைப் பார்த்தால், ஊரே இருண்டுவிடப்போகிறது என்று தோன்றும்.

மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வாளி, அண்டா, கடைசியில் பால் காய்ச்சும் பாத்திரம்கூடத் தப்பவில்லை. டார்ச்சுகள் எல்லாம் சார்ஜில் தொங்கின. பட்டப்பகலில் எதற்கென்று அவருக்கே வெளிச்சம்.

அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. டிவியைப் போட்டால் அரை மணி நேரத்தில் படுத்துவிடும். இன்றைக்கென்று பார்த்து இறுதிப் போட்டி. கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற மனிதர்.

கரண்ட் போனது.

இன்வெர்ட்டரிலிருந்து அவர் இழுத்த ஒயர் கூடத்தைத் தாண்டி, டிவியையும் தாண்டி, மூலையிலிருந்த மீன் தொட்டிக்குப் போயிற்று. காற்று மோட்டார் முனகியது. ஒற்றைத் தங்கமீனைச் சுற்றிக் குமிழிகள் ஏறின.

அப்போ மேட்ச் அவ்வளவுதானா என்று அவள் சீண்டிப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவே?” என்று எரிந்து விழுந்தார்.

அந்தப் பொண்ணு என்றது பெற்ற மகளை. பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. விட்டுப்போன மீனை எடுத்துக்கொள்ள இன்று வருவதாக அம்மாவிடம் ஃபோனில் சொல்லியிருந்தாள்.

மீனும் போய்விட்டால் அப்புறம் மகள் இந்தப் படியேற என்ன சாக்கு இருக்கிறது? அம்மாவின் கவலையெல்லாம் அதுதான்.

மத்தியானம் மகள் வந்தாள், கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடு. அப்பா அணைந்து கிடந்த டிவியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் தொட்டியருகே குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“வால்ல ஒரு கறுப்புப் புள்ளி இருந்துச்சே?”

“வயசானா மங்கிடும்,” என்றார் அப்பா, டிவியிடம்.

ஒரு வருஷம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு, பச்சைப் பொய்.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள். போன தடவை கரண்ட் போன அன்று பழைய மீன் செத்து மிதந்ததும், சுள்ளென்று வெயிலடிக்கும்போது இவர் குடையை இடுக்கிக்கொண்டு வெளியே ஓடியதும், திரும்பி வந்த குடைக்குள் ஒரு தண்ணீர்ப் பை இருந்ததும் அவளுக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

மகள் ஒயரைப் பார்த்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். அணைந்திருந்த டிவியையும் அதன்முன் விறைத்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகையும் பார்த்தாள். காலி டப்பாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

“இது இங்கேயே இருக்கட்டும்மா. நான் அப்பப்ப வந்து பார்த்துக்கறேன்.”

அப்பா தொண்டையைச் செருமினார். இந்த முறை டிவியை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“கரண்ட் இருக்கற நாளா பார்த்து வா,” என்றார்.