கட்டையனின் ஒன்பது இன்னிங்ஸ்

சப்பாத்துக்குள் பந்து இருந்தது.

கொட்வின் துவாயால் தலையைத் துடைத்தபடியே அதைப் பார்த்தான். புத்தம்புதுப் பந்து. சிவப்புத் தையலில்கூட ஒரு பொட்டு அழுக்கில்லை.

ஜெர்மனியின் எசன் நகரத்தில் சின்னதொரு பேஸ்போல் கழகம். அடுத்த ஆட்டத்தை முதல் பந்திலிருந்து எறியப்போகிறவன் யாரென்று பயிற்றுநர் ஊவே வாயால் சொல்லமாட்டார். எல்லோரும் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவனுடைய சப்பாத்துக்குள் பந்தை வைத்துவிடுவார். அப்படி ஒரு பழக்கம் அந்த மனிதருக்கு.

இந்த இரண்டு வருஷமும் அது ஆறடிக்காரர்களின் சப்பாத்துக்குள்தான் போனது.

கொட்வின் ஐந்தடி நாலங்குலம். அதுவும் சப்பாத்தோடு.

நெட்டையன் எறிந்தால் பந்து மேலிருந்து இறங்கும், அடிக்கிறவன் தடுமாறுவான். கட்டையன் எறிந்தால் மட்டமாக வரும். அந்தக் குறையைச் சரிக்கட்ட முழுப் பலத்தையும் போட்டு, ஐந்தாவது இன்னிங்ஸிலேயே அவனுக்குத் தோள் விட்டுவிடும். இது ஊவேயின் வேதம். மன்னாரில் கிரிக்கெட் ஆடி, எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டைப் பார்த்து எறிந்து பழகிய கொட்வினின் கைக்கு இந்த வேதமெல்லாம் எங்கே தெரியும்? ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு இன்னிங்ஸ் மட்டும் அவனை எறிய விட்டு வைத்திருந்தார் ஊவே.

இன்றைக்கு நெட்டையன் டோபியாஸுக்குக் காய்ச்சல். வேறு ஆளில்லை.

ஆட்டம் முழுக்க, ஒன்பது இன்னிங்ஸையும் கொட்வினே எறிந்தான். ஆறாவதில் ஒருக்கா, எட்டாவதில் ஒருக்கா ஊவே நடந்து வந்து அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு தரமும் அவனையே எறிய விட்டுத் திரும்பிப் போனார். வென்றார்கள்.

இப்போது சப்பாத்துக்குள் பந்து. அடுத்த சனிக்கிழமை டோர்ட்முண்டில் கிண்ணத்துக்கான ஆட்டம்.

சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது. முகத்தை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு, பந்தை எடுத்துப் போய் ஊவேயிடம் நீட்டினான்.

“தோள் விட்டுப்போச்சு. நீங்கள் சொன்னது சரி, கட்டையருக்கு இது ஏலாது” என்றான், தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

ஊவேயின் முகம் விழுந்துபோனது. இந்த ஒரு தடவையாவது தன் பேச்சு பொய்த்துப்போக வேண்டுமென்று அந்த மனிதர் மனதார ஆசைப்பட்டிருக்கிறார், பாவம். பந்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே ட்ராம் தரிப்பில் சூசைதாசன் காத்து நின்றார். அகதி முகாமில் அவனோடு ஒரே அறை. அகதி வழக்கு முடியும்வரை எசனைத் தாண்ட இருவருக்கும் அனுமதியில்லை. போன மாதம் பக்கத்து ஊரான டூயிஸ்பேர்க்கின் ஸ்டேஷனில் பொலிஸார் கொட்வினைப் பிடித்துப் பெயரை எழுதிவிட்டார்கள். இன்னொரு தரம் பிடிபட்டால் வழக்கே கவிழும்.

“டோர்ட்முண்ட் போக அனுமதி கேட்டு அன்ட்ராக் போட்டுப் பாத்தனியோ?”

“போட்டனான் அண்ணை. கலியாணம், செத்தவீடு எண்டால் தருவினமாம். பந்தெறியத் தரேலாதாம். அதுதான் தோள் விட்டுப்போச்செண்டு சொல்லிப் பந்தைத் திருப்பிக் குடுத்திட்டன்.”

“இதை அந்த மனிசனிட்டைச் சொல்லியிருக்கலாமே, தம்பி?”

அந்த மைதானத்தில் கொட்வினை ஒருவரும் அகதியாகப் பார்ப்பதில்லை. கட்டையனாகத்தான் பார்க்கிறார்கள். அந்த ஓரிடமாவது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ட்ராம் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் சூசைதாசன் அவன் கையை மெல்லப் பிடித்துப் பார்த்தார்.

“உண்மையாய் நோகேல்லையோ?”

“இல்லை அண்ணை. இப்ப கூப்பிட்டாலும் இன்னும் ஒன்பது எறிவன்.”