கொடுக்கு

மலைப்பாதையில் அன்று ஆறாவது நாள். மகளைப் பறிகொடுத்த ஐந்து மாதத்தில் யாமினி வீட்டை விட்டு வெளியே வந்தது இந்த நடைக்குத்தான். பாறை இடுக்கிலிருந்து தேனீக்கள் கலைந்து இறங்கியதும் அவள் கணவன் தயாபரன் ஓடினான். திரும்பிப் பார்த்தால் அவள் பாதையிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையைக்கூட வீசவில்லை. அவன் ஓடிவந்து, தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தி, புதருக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

இரைச்சல் அடங்கிய பிறகு அவள் கழுத்தில் பதிந்திருந்த கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தான். அவள் முகம் சுளிக்கவில்லை.

“ஏன் ஓடி வரல?”

“வலிக்குதான்னு பாத்தேன்.”

அவன் விரல் நின்றது. இன்னும் ஒரு கொடுக்கை எடுத்த பிறகுதான் கேட்டான்.

“வலிச்சுதா?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்க ஒரு கண்ணு மூடிக்கிச்சு” என்றாள்.

வீங்கிய இமையில் ஒரு கொடுக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவள் கையைக் கொண்டுபோனாள். ஐந்து மாதமாகக் கடித்துத் துப்பியதில் அவள் விரல்களில் நகமே இல்லை.