யார் பேசினாலும் கேள்

அலையையும் காற்றையும் அளக்கக் கடலில் நிறுத்தியிருந்த மிதவைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கணினி இருந்தது. அதில் ஓடும் நிரல், தான் செய்வதையெல்லாம், இருக்கும் இடத்தோடு சேர்த்து, தடங்கள் என்னும் சிறு பதிவுகளாகக் கரைக்கு அனுப்பும். அந்தத் தடங்களை வாங்கிச் சேர்க்கும் சர்வீஸைப் புயலுக்கு முந்தின நாள்தான் சுகிர்தா அலுவலக சர்வரில் ஓடவிட்டாள். புயல் ஓய்ந்த பிறகும் ஒரு தடம்கூட வரவில்லை. மிதவைகள் போய்விட்டன என்று முடிவாகி, மிச்சத்தைப் பொறுக்கிவரப் படகு தயாரானது. குமுதா என்று பெயர் வைத்திருந்த மிதவையின் அறுந்த நங்கூரக் கயிறு மட்டும் கரை ஒதுங்கியிருந்தது.

படகிலிருந்து தாமஸ் போன் செய்தான். "கிளம்பட்டுமா?"

"ஒரு நிமிஷம் இரு" என்ற சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வீஸ் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலில் பழைய வரி அப்படியே இருந்தது. சர்வருக்குள்ளிருந்து வருவதை மட்டும் கேட்டால் போதும் என்று சோதனைக்காக எழுதியவள், பிறகு மாற்ற மறந்திருந்தாள். இத்தனை நாளும் சர்வீஸ் தன் குரலுக்காகவே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

யார் பேசினாலும் கேள் என்று வரியை மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். திரையில் ஒரு தடம் விழுந்தது. அலை அளந்தேன். இன்னொன்று. காற்று அளந்தேன். அனுப்ப முடியாமல் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் மிதவைகள் கொட்டத் தொடங்கின, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு வருவதுபோல. எல்லோருக்கும் கடைசியாகக் குமுதா வந்தாள்.

"கிளம்பு தாமஸ். குமுதாவைக் கூட்டிக்கிட்டு வா."

"கயிறு அறுந்துபோச்சே. அது எங்க கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"இரு. அவளே சொல்லிக்கிட்டிருக்கா."