பன்னிரண்டு மணிப் பேட்டி

"இலை போடப் போறம். இப்ப எங்கை எழும்புறாய், நாயகி?"

கமலாவதி கேட்டதும் விறாந்தையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கமலாவதியின் கணவர் நடராசா இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. காலையில் சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போனவர்கள் திரும்பி, வீட்டுக் கிரியைகளும் முடிந்து, சாப்பாட்டு நேரம். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று முக்கால்வாசிச் சமையலையும் பார்த்தவள் அடுத்த வீட்டுச் செல்வநாயகிதான். அவள்தான் இப்போது சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் படலைப் பக்கம் நடக்கிறாள்.

"பன்னிரண்டுக்குப் பேட்டி இருக்கக்கா. பாத்திட்டு ஓடி வாறன்."

"என்ன பேட்டி?"

"ரீவியிலை. உலக அரசியல்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அந்தியேட்டி வீட்டிலை சாப்பிடாமல் போற அளவுக்கு உலகத்துக்கு என்ன வந்தது?"

"விடு. அவவைக் கேட்டுத்தானே ஐநாவிலை கை உயர்த்துறவை."

கமலாவதி சிரிக்கவில்லை.

"அவருக்காக அரை மணித்தியாலம் இருந்து சாப்பிட உனக்கு நேரமில்லை, என்ன?"

செல்வநாயகி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குப் போய் ரீவியைப் போட்டால், கரண்ட் இல்லை. கம்பியில் முட்டுகிற மரக்கிளைகளை வெட்டுகிறார்களாம். இப்போது வரும், இப்போது வரும் என்று கறுத்த திரைக்கு முன்னால் இருந்தாள். வரவில்லை. ஒரு மணி ஆகப்போகிறது என்றதும் தன் பழைய பட்டன் போனையும் எடுத்துக்கொண்டு அந்தியேட்டி வீட்டுக்கே திரும்பி ஓடினாள்.

பந்தி முடிந்திருந்தது. நடராசாவின் மகள் தயாளினி கிணற்றடியில் சோறு வடித்த கிடாரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உன்ரை போனிலை அந்தப் பேட்டி வருமோ?"

தயாளினி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவுக்கு வைச்ச விளக்கு இன்னும் எரியுது, அன்ரி."

செல்வநாயகி அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள்.

"ஞாயிறிலை ஒரு மணிக்கு என்ரை மோன் சுபாங்கன் சுவிசிலை இருந்து கோல் எடுப்பான், பிள்ளை."

"அதுக்கு?"

"முந்தியெல்லாம் எடுத்தால், சாப்பிட்டியோ எண்டு நான் கேப்பன். ஓம் எண்டுவான். சுகமோ எண்டு அவன் கேப்பான். ஓம் எண்டுவன். அதுக்குப் பிறகு ரண்டு பேருக்கும் கதை வராது. 'சரி அம்மா, வைக்கிறன்' எண்டு வைச்சிடுவான். பிறகு அடுத்த ஞாயிறு மட்டும் என்ரை வீட்டிலை ஒரு சத்தம் இல்லை."

தயாளினி குழாயைப் பூட்டினாள்.

"ஒருநாள் ரீவியிலை உந்தப் பேட்டி போய்க்கொண்டிருந்தது. என்னம்மா சத்தம் எண்டான். எண்ணெய் விலை ஏறப்போகுதாம் எண்டு, அதிலை சொன்னதை அப்பிடியே சொன்னன். அண்டைக்கு எவ்வளவு நேரம் கதைச்சான் தெரியுமே? சிரிச்சும் கதைச்சான். அண்டையிலை இருந்து ஒரு கிழமையும் விடேல்லை. எந்த நாடு எங்கை கிடக்கெண்டே எனக்குத் தெரியாது, பிள்ளை. காதிலை விழுறதைப் பிடிச்சு வைச்சிருந்து சொல்லுவன்."

"அப்பா செத்ததையாவது சொன்னனீங்களோ?"

செல்வநாயகி தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்ல வெளிக்கிடுவன். செத்தவீட்டுக் கதையைத் தொடங்கினால் கெதியிலை வைச்சிடுவானோ எண்டு பயம்."

தயாளினி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்துத் தேடினாள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். "கப்பல் பாதைகளை மூடினால்..." என்றவர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். படம் சுற்றத் தொடங்கியது.

அதற்குள் செல்வநாயகியின் போன் அடித்தது.

"எடுங்கோ, அன்ரி."

"எடுத்து என்னத்தைக் கதைக்க?"

"முதல் எடுங்கோ."

பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கர்தான்.

"அம்மா... இண்டையான் பேட்டி பாத்தனீங்களோ?"

"கப்பல். கப்பல் எண்டு தொடங்குங்கோ," தயாளினி காதோடு சொன்னாள்.

செல்வநாயகி வாயைத் திறந்தாள். விறாந்தையில் கமலாவதி தனியே வெற்றிலைத் தட்டத்தை எடுத்து வைப்பது தெரிந்தது.

"இல்லை, மோனை. இஞ்சை கரண்ட் இல்லை. நான் பாக்கேல்லை."

செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். வைக்கிறன் என்று சொல்லப்போகிறான்.

"நானும் பாக்கேல்லை, அம்மா."

"ஏன், மோனை?"

"ராத்திரி வேலை முடிய நேரஞ்செண்டிட்டுது. இப்பதான் எழும்பினன். பாக்காமல் உங்களோடை என்னத்தைக் கதைக்கிறதெண்டு, எடுக்கவே யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

"உனக்கு உதெல்லாம் விருப்பம்தானே?"

"எனக்கோ? வேறை எதைக் கேட்டாலும் நீங்கள் ஓம், இல்லை எண்டு முடிச்சிடுவியள். உது ஒண்டைத்தான் விருப்பமாக் கதைப்பியள். அதுக்காகத்தானே ஞாயிறு விடிய எழும்பி, பேட்டியைப் போட்டுப் பாத்துப் பாடமாக்கிக்கொண்டு எடுக்கிறனான். இண்டைக்கு அது கிடக்கட்டும். சொல்லுங்கோ, அம்மா... எங்கடை ஒழுங்கையிலை, அயலுக்கை என்ன புதினம்?"