மோடம் முந்திக்கொண்டது

போன் இரண்டு முறை அடித்தது. குரல் இனிமையாக வரட்டும் என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கையை நீட்டுவதற்குள், மோடம் எடுத்துவிட்டது.

எடுத்த உடனே அதன் வழக்கப்படி கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

அந்தக் கத்தலுக்கு நடுவே மோடத்தின் வயிற்றிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் கேட்டது.

"அலோ... அலோ... யாரும்மா பேசறது?"

ஆபீஸில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பூந்தமல்லி வேம்புலி. மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்.

பெண் யாரென்றால், என் பக்கத்து மேஜை சாமுண்டீஸ்வரி. திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் ரயிலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருகிறவள். எங்கள் கம்பெனியின் யுனிக்ஸ் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அதன் பாஸ்வேர்டு மேனேஜருக்கே தெரியாது.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வேலைக்குப் போகிற பெண்ணாயிற்றே, ஆபீஸில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு வேலையெல்லாம் வேண்டாம், வீட்டோடு இருந்து தங்கள் லேத் பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார்களாம். அவள் அப்பா துலுக்கானம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார்.

விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. போன் எடுப்பது என் வேலை. பேசுவது என் பிறவிக்குணம். துலுக்கானம் நேரிலேயே வந்து, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லம்மா என்று கேட்டுக்கொண்டு போயிருந்தார். நானும் நாற்பது வார்த்தை தயாராக வைத்திருந்தேன். தங்கமான பெண், குனிந்த தலை நிமிராது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத் தலை எப்படி நிமிரும் என்பது வேறு விஷயம்.

ஆனால் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு லைன். பாரிமுனை ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் அந்த லைனில் கூப்பிட்டு, எங்கள் கம்ப்யூட்டரிடமிருந்து சரக்குக் கணக்கை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்த வாரம்தான் மோடம் வைத்தார்கள். வைத்த இன்ஜினியர் சாமுண்டீஸ்வரிக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது என் போனைப் பிடுங்கி மோடத்தின் முதுகில் செருகிவிட்டார்.

மோடம் லைனை எடுத்துவிட்டால் என் போன் செத்துவிடும். அந்தப் பக்கம் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அங்கே போகாது.

வேம்புலி இன்னும் கொஞ்சம் அலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

மேனேஜர் பரந்தாமன் ஓடி வந்து, அந்தச் சனியனை அணைத்துவிடச் சொன்னார். அணைத்துவிட்டால் ஹெட் ஆபீஸ் கூப்பிடும்போது யார் சார் கத்துவது என்று சாமுண்டீஸ்வரி பவ்யமாகக் கேட்டாள். அவர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். பிறகு, சரி, ஏதாவது செய் என்றார்.

அவள் கீபோர்டில் ஒரு வரி தட்டினாள். மோடம் ஓகே என்று திரையில் பதில் எழுதியது. அவளும் அதுவும் மட்டும் பேசிக்கொள்கிற பாஷை.

"இனிமே பாருங்க சார்," என்றாள்.

நான் ரிசீவர் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை முழுசாக ஒரு மணிகூட அடிக்கவில்லை. ட்ரி என்றது. மோடம் எடுத்துவிட்டது.

"இன்னாமே, பொண்ணப் பத்தி ரெண்டு வார்த்த கேக்கலாம்னு போன் பண்ணா விசில் அடிக்கிற?"

நான் விசில் அடிக்கவில்லை ஐயா, பெண் தங்கம் என்று மோடத்தின் மேல் குனிந்து கத்தினேன். பரந்தாமனும் கத்தினார். பேக்கிங் செக்‌ஷன் ஆட்கள் என்ன ஏது என்று தெரியாமலேயே வந்து கத்தினார்கள். மோடத்தின் குரல் மட்டும்தான் பூந்தமல்லி வரைக்கும் போனது.

பக்கத்தில் நின்ற மனைவியிடம் வேம்புலி சொன்னது, பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"பொண்ணப் பத்தி கேட்டாலே ஆபீஸே கீச்சுகீச்சுனு கத்துது நாகம்மா. அப்டி இன்னாதான் பண்ணிக்கீறாளோ. வாணாம், உட்டுடு."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து பேசியவரை நாங்கள் எங்கே போய்த் திருப்பிக் கூப்பிடுவது?

சாயங்காலம் ஹெட் ஆபீஸ் கூப்பிட்டது. இரண்டு மோடமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தி, உடனே சமாதானமாகி, கொடுக்கல் வாங்கலைப் பேசி முடித்துவிட்டன. அதுகளுக்குள் மட்டும் சம்பந்தம் ஒத்துப்போய்விட்டது. சாமுண்டீஸ்வரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது. எப்படியும் அதுதானே எடுக்கப்போகிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மோடம் எடுக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது.

சாமுண்டீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எடு அக்கா. இனிமே அஞ்சு தபா அடிச்சாத்தான் அது எடுக்கும். நான் சொல்லிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். மோடத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் அது அவள் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறது.

போனை எடுத்தேன். துலுக்கானம். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அன்றைக்கு அப்படி என்னம்மா சொல்லித் தொலைத்தீர்கள் என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. எல்லோரும் சொல்வதுதான். அன்றைக்கு மட்டும் யோசித்துப் பேசினேன்.

"மெஷின் கோளாறுண்ணே," என்றேன். "பாவம், அதுக்கு இன்னா தெரியும்."

சாமுண்டீஸ்வரி நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.